இயற்பியல் மாநாட்டில் மாணவர் போஸ்டர் பரிசுக்கு நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? எப்படித் தயாராவது?

முதலில் படிவத்தைப் பாருங்கள். பல மாநாடுகளில் போஸ்டர் ஏற்கப்பட்டதாலேயே பரிசுப் போட்டியில் சேர்ந்துவிட மாட்டீர்கள். ஆய்வுச் சுருக்கத்தைப் பதிவேற்றும் பக்கத்தில் மாணவர் பரிசுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், எவ்வளவு நல்ல வேலையும் நடுவர் கைக்குப் போகாது. மாணவர் என்பதற்குச் சான்று, வழிகாட்டியின் கடிதம், முதல் ஆசிரியராக இருப்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கலாம்.

நடுவரிடம் நேரம் கிடையாது. ஒரே அமர்வில் பல போஸ்டர்களைப் பார்த்தாக வேண்டும் என்பதால், ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம்தான் தருவார். அவர் உங்கள் உட்பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டியதில்லை. மீக்கடத்திப் போஸ்டர் முன் பிளாஸ்மா ஆய்வாளர் வந்து நிற்கலாம். மதிப்பெண் தாளில் பெரும்பாலும் அறிவியல் தரம், போஸ்டரின் தெளிவு, விளக்கிய விதம், கேள்விக்குச் சொன்ன பதில் ஆகியவை இருக்கும். கடைசி இரண்டும் நீங்கள் நின்று பேசுவதற்கான மதிப்பெண்கள். எனவே எந்தப் படத்தைக் காட்டி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வடிவமைக்க உட்காருங்கள். முக்கியமான படம் கண் மட்டத்தில் இருக்கட்டும். கீழ் விளிம்பில் வைத்தால் குனிந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

வழக்கமான அளவு ஏ0, அதாவது 841 × 1189 மி.மீ. நிமிர்ந்த வாக்கிலா படுக்கை வாக்கிலா என்பதை மாநாட்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறிப்போனால் பலகையில் பொருந்தாது. தலைப்புக்கு 80 முதல் 100 பாயிண்ட், உரைக்கு 28 முதல் 32, படக் குறிப்புக்கு 24-க்குக் குறையக் கூடாது. மொத்தம் 500 சொற்களுக்குள் நிறுத்துங்கள். ஒரு சோதனை உண்டு. முழுப் போஸ்டரையும் ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். நீள அகலங்கள் நான்கில் ஒன்றாகிவிடுவதால் 24 பாயிண்ட் எழுத்து 6 பாயிண்டாகத் தெரியும். அதைக் கையில் பிடித்துப் படிக்க முடிந்தால், உண்மையான போஸ்டரை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று படிக்கலாம்.

அதிகம் கெட்டுப்போவது வரைபடங்கள்தான். 1000 பிக்சல் அகலமுள்ள ஸ்கிரீன்ஷாட்டை 34 செ.மீ. அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 75 புள்ளிகள்தான் மிஞ்சும், கோடுகள் மங்கிவிடும். படத்தை, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் பிடிஎஃப் ஆகவே சேமியுங்கள். பைதானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் இயல்பாகத் தருவது 6.4 அங்குல அகலமும் 10 பாயிண்ட் எழுத்தும். அதை 34 செ.மீ.க்குப் பெரிதாக்கினாலும் எழுத்து 21 பாயிண்டுதான் வரும். தொடக்கத்திலேயே படத்தின் அளவை உண்மையான அளவுக்கு வைத்து, எழுத்தை 28-க்கு ஏற்றிவிடுவது நல்லது. ஜெட் எனப்படும் வானவில் நிறவரிசையைத் தவிருங்கள்: தரவில் இல்லாத எல்லைக்கோடுகளை அது கண்ணுக்குக் காட்டும். வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் நிறவரிசை போதும். சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்ட வேண்டாம். குறிகளின் வடிவத்தையும் மாற்றுங்கள். எழுத்துருக்களைக் கோப்புக்குள் பதிக்காவிட்டால் மைக்ரோ குறியும் கழித்தல் குறியும் கட்டங்களாக அச்சாகலாம். இதைக் கண்டுபிடித்துத் திருத்த இரண்டு நாளாவது கையில் இருக்கட்டும்.

2019-இல் உளவியல் முனைவர் பட்ட மாணவராக இருந்த மைக் மாரிசன் பரப்பிய வடிவம், நடுவே ஒரே ஒரு பெரிய வாக்கியத்தை வைப்பது, கூட்டத்தை இழுக்கும். பரிசுப் போட்டிக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து. இயற்பியல் நடுவரின் கண் நேராக ஆக்சிஸ் அலகுக்கும் பிழைப்பட்டைக்கும்தான் போகும். அந்தப் பட்டை எதைக் குறிக்கிறது, திட்ட விலக்கமா, சராசரியின் பிழையா என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். தரவுக்குக் கோட்டைப் பொருத்தும்போது, விலகலை அளக்கும் கை-வர்க்கத்தைச் சுயேச்சை எண்ணால் (புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து அளபுருக்களைக் கழித்தது) வகுத்தால் ஒன்றுக்கு அருகில் வர வேண்டும்; 0.1 வருகிறது என்றால், பெருமைப்படாதீர்கள். பிழையை அதிகமாக மதிப்பிட்டிருக்கிறீர்களோ என்று கேட்பார். எட்டுப் புள்ளிகளுக்கு ஐந்து அளபுருக்கள் வைத்துப் பொருத்தியிருந்தாலும் கேள்வி வரும். கணினி உருவகப்படுத்தல் என்றால், காலப்படியை (கணக்கீடு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர இடைவெளியை) பாதியாக்கியும் விடை மாறவில்லை என்று காட்டும் சிறு படம் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாத போஸ்டரில் மற்ற எல்லா முடிவுகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

பேச்சை இரண்டு நிமிடத்துக்கு ஒத்திகை பாருங்கள்: என்ன கேள்வி, ஏன் அது இதுவரை தீரவில்லை, என்ன செய்தீர்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு நம்பலாம். பின்னணியிலேயே இரண்டு நிமிடமும் கரைவது பரவலான தவறு. பெரிய குழுவின் வேலை என்றால் "நாங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. குளிர்விப்பான் குழுவுடையது, கண்டறிவானின் அளவீட்டுத் திருத்தம் என்னுடையது என்று பிரித்துச் சொல்லுங்கள். "இதில் உங்கள் பங்கு என்ன?" என்ற கேள்வி வந்தே தீரும், அதில் தடுமாறினால் மதிப்பெண் சட்டென்று இறங்கும். பதில் தெரியாத கேள்விக்கு ஊகத்தை உண்மைபோலச் சொல்ல வேண்டாம். அதை அளக்கவில்லை, இன்ன சோதனை செய்தால் தெரியும் என்று சொல்லுங்கள்.

அமர்வு நேரம் முழுவதும் போஸ்டர் அருகிலேயே நில்லுங்கள். நடுவர்கள் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை, ஆளில்லாத போஸ்டருக்குத் திரும்பி வர அவர்களுக்கு நேரமிருக்காது. தவிர்க்க முடியாமல் நகர்ந்தால், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போங்கள்.