கேள்வி - பதில்: நூமா ராஜா எந்த டைப்?

கே: கல்லூரியில் படிக்கும் என் மகள் வீட்டில் எல்லோருக்கும் அந்த 16 வகை ஆளுமை டெஸ்டை வைத்து முடித்துவிட்டு, இப்போது சரித்திர ராஜாக்களிடம் போய்விட்டாள். ரோமின் இரண்டாவது அரசர் நூமா பொம்பிலியஸ் 'ஐஎன்எஃப்ஜே', அதாவது ஒதுங்கி இருக்கிற, உள்ளுணர்வை நம்புகிற, மனசு சொல்வதைக் கேட்கிற, திட்டம் போட்டு வாழ்கிற ஆள் என்கிறாள். சரியா ஐயா?
- வாசகி, அரியாங்குப்பம்

ப: மூன்றாவது எழுத்தில்தான் எனக்குத் தகராறு. மற்றதெல்லாம் ஓகே.

முதல் அரசர் ரோமுலஸ் மறைந்த பிறகு ஒரு வருஷம் செனட்டர்களே முறைபோட்டு ஆண்டு பார்த்தார்கள், சரிப்படவில்லை. கூரெஸ் என்ற ஊரில் சிவனே என்று இருந்த இந்த நாற்பது வயது மனிதரைத் தேடிப்போய் ராஜாவாக வா என்றால், மாட்டேன் என்றாராம். அப்பாவும் ஒரு உறவினரும் பேசிப் பேசித்தான் இழுத்து வந்தார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். வந்ததும் முதல் வேலையாக ரோமுலஸின் 300 மெய்க்காப்பாளர்களைக் கலைத்துவிட்டார். இதற்கு மேல் 'ஐ'க்கு என்ன சாட்சி வேண்டும்? ஜனவரி, பிப்ரவரியைச் சேர்த்து வருஷத்தை 12 மாதமாக்கியது, பூசாரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுத்தது, தொழில்வாரியாகச் சங்கம் வைத்தது எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அது 'ஜே'.

சரி, தகராறுக்கு வருவோம். எகேரியா என்ற வனதேவதை ராத்திரியில் வந்து தனக்குச் சட்டம் சொல்லித் தருவதாக நூமா ஊரை நம்ப வைத்தார். அது நடிப்புதான், சண்டை போட்டே பழகிய ஜனங்கள் சும்மா இருந்தால் கெட்டுப்போவார்கள், சாமி பயம் இருக்கட்டும் என்று கட்டிய கதை என்று ரோமானிய சரித்திர ஆசிரியர் லிவி பட்டவர்த்தனமாகவே எழுதுகிறார். கேடயக் கதை இன்னும் ஜோர். வானத்திலிருந்து விழுந்த கேடயம் ஒன்று, அது இருக்கும் வரை ஊருக்குக் கேடில்லை, ஆனால் திருட்டுப் போய்விட்டால்? மமூரியஸ் என்ற கைவினைஞரை வைத்து அச்சு அசலாக இன்னும் 11 செய்து, எது அசல் என்று நூமாவுக்கே தெரியாதபடி கலந்துவிட்டார்கள். இந்த மூளை மனசு சொல்வதைக் கேட்கிற மூளையா? 'எஃப்'பை அடித்து, யோசித்து முடிவெடுக்கிற ஆளுக்கான 'டி'யைப் போடுங்கள். ஐஎன்டிஜே.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியல் நிபுணர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலிய மண்பாண்டங்கள் லிவி காலத்தை ஒட்டியவை. நூமா அதற்கு 700 வருஷம் முந்தி, ராஜாக்களை ரோம் துரத்தியே அப்போது 500 வருஷம் ஆகிவிட்டது. அவ்வளவு தள்ளி உட்கார்ந்து எழுதியவர்களை நம்பித்தான் நாம் எழுத்து போட்டுக் கொண்டிருக்கிறோம்.

கே: அடுத்து வந்த டுல்லுஸ் ஹொஸ்டிலியஸ்?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

ப: நேர் எதிர். நூமா 43 வருஷம் சண்டையே இல்லாமல் ஆண்டாராம். இவர் ரோமுலஸை விட முரடர், ஆல்பா லோங்கா நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கியவர். ஆனால் கொள்ளைநோய் வந்து தானும் படுத்ததும் ஆள் தலைகீழாகி, பூஜை, பரிகாரம் என்று அலைய ஆரம்பித்தார். கடைசியில் நூமாவின் குறிப்புகளில் இருந்த ஒரு ரகசியச் சடங்கைத் தப்பாகச் செய்யப்போய், மின்னல் விழுந்து வீட்டோடு எரிந்தார் என்கிறது கதை. நோய்க்கு முன்னால் டெஸ்ட் எழுதியிருந்தால் ஒன்று, பின்னால் எழுதியிருந்தால் இன்னொன்று வந்திருக்கும். மனோதத்துவ நிபுணர் யுங் 1921-ல் எழுதிய புத்தகத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு அம்மாவும் மகளும் உருவாக்கிய டெஸ்ட் இது. சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பல பேருக்கு எழுத்து மாறிவிடுகிறது என்பது இதன் மேல் உள்ள பழைய புகார். பொழுதுபோக்கு என்றால் தாராளமாக எழுதுங்கள், இதை வைத்து மாப்பிள்ளை மட்டும் பார்க்காதீர்கள்.

கே: நூமாவே எழுதியது ஏதாவது கிடைத்திருக்கிறதா?
- வாசகர், முத்தியால்பேட்டை

ப: கி.மு. 181-ல் ரோமில் ஜானிகுலம் மலையடியில் இரண்டு கல்பெட்டிகள் கிடைத்தன. ஒன்று நூமாவின் சவப்பெட்டி என்றார்கள், காலி. இன்னொன்றில் புத்தகங்கள். படித்துப் பார்த்த அதிகாரி இது மதத்துக்கு ஆகாது என்றார், செனட் ஒப்புக்கொண்டது, ஊர் பார்க்க எரித்துவிட்டார்கள். அவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்த புத்தகங்கள் புத்தம்புதிதாக இருந்தன என்று லிவியே எழுதுகிறார், எனக்கு அங்கேயே சந்தேகம்.