குடுமிக்கோழி எவ்வளவு முட்டையிடும், அதற்குக் கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

முட்டைதான் முக்கியம் என்றால், தலையில் இறகுக் கொத்துள்ள இந்தக் குடுமிக்கோழி வேண்டாம். அழகுக்கும் சாதுவான குணத்துக்கும் ஆசைப்பட்டு வளர்க்கிறீர்கள், கூடவே முட்டையும் கிடைத்தால் நல்லது என்றால் தாராளமாக வாங்குங்கள். எனக்கு இந்தக் கோழிகள் மேல் கொள்ளைப் பிரியம், அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

குடுமி இனங்களில் போலிஷ் கோழி நல்ல தீவனமும் போதிய வெளிச்சமும் கிடைத்தால் ஆண்டுக்கு 150 முட்டை வரை இடும். வெள்ளை முட்டை. அடைக்கு உட்காருவது அரிது. சில்க்கி என்ற இன்னொரு குடுமி இனம் இதற்கு நேர் எதிர். சின்னதாக, வெளிர்மஞ்சள் நிறத்தில் ஆண்டுக்கு நூறு சொச்சம் முட்டைதான்; கொஞ்சம் இட்டதுமே அடையில் உட்கார்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்கள் போலிஷ் முட்டையைச் சில்க்கியின் அடியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்பதுண்டு. முட்டையும் வேண்டும், குடுமியும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கிரீம் லெக்பார் இனம். நீல முட்டை, ஓரளவு நிறையவே இடும். குடுமி சிறியது என்பதால் கண்ணையும் மறைக்காது.

கூண்டு விஷயத்தில் நீங்கள் யோசிக்க வேண்டியது அந்தக் கண்ணைப் பற்றித்தான். பெரிய குடுமியுள்ள போலிஷுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் சரியாகத் தெரியாது. பருந்து வருவதைப் பார்க்காது. பக்கத்தில் வந்து திடீரென்று கையை நீட்டினால் பதறி ஓடிச் சுவரில் மோதும். அதனால் மேய்கிற இடத்துக்கு மேலேயும் வலை போடுங்கள். கிட்டே போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். தீவனத் தொட்டியையும் முட்டைப் பெட்டியையும் அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். பழகிய இடத்துக்கு அது தட்டுத்தடுமாறாமல் போய்விடும். உள்ளே ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே பத்து சதுர அடி, நாலு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி என்பது மற்றக் கோழிகளுக்குச் சொல்லும் அதே கணக்குதான். சில்க்கிக்குப் பறக்க வராது. உட்காரும் கட்டையைத் தாழ்வாக வையுங்கள், இல்லையென்றால் தரையில் காய்ந்த கூளம் போதும்.

ஈரம் ஆகவே ஆகாது. அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் குடிக்கும்போதெல்லாம் குடுமி நனையும், அழுக்கு சேரும், கடுங்குளிர் உள்ள இடங்களில் உறைந்தும் போகும். நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் சிறு குழாய்) வைத்த தண்ணீர்க் கேனோ வாய் குறுகிய பாத்திரமோ நல்லது. சில்க்கியின் இறகில் தண்ணீர் வழுக்கி ஓடாது, உள்ளே ஊறிவிடும். மழைச் சாரல் படாத கூரை அதற்குக் கட்டாயம் வேண்டும்.

முரட்டு இனங்களோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். அவை குடுமியைக் கொத்திப் பிடுங்கும், ரத்தம் கண்டால் இன்னும் கொத்தும். போலிஷ், ஹூடான் போன்ற இனங்களில் மண்டையோடு உச்சியில் புடைத்திருக்கும், சில குஞ்சுகளுக்கு அந்த எலும்பு முழுதாக மூடியிருக்காது. அங்கே ஒரு கொத்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. குஞ்சுகளைத் தனியாகவே வளருங்கள்.

கண்ணை மறைக்கும் இறகுகளின் நுனியை மட்டும் கத்தரித்துவிடலாம், அதற்கு வலிக்காது. புதிதாக முளைத்து, அடியில் ரத்தம் ஓடும் குருத்திறகில் மட்டும் கத்தரி படக் கூடாது. கத்தரிக்கும்போதே குடுமியை விலக்கி அடித்தோலைப் பாருங்கள். பேன் முதலில் சேருவது பெரும்பாலும் அங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.