அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி டேவிட்சன் கல்லூரியில் ஆடிய காலம் எப்படிப்பட்டது? பெரிய பல்கலைக்கழகம் எதிலும் இடம் கிடைக்காதது அவருக்கு இழப்பா?

இழப்பு இல்லை என்பதே என் பதில். கல்லூரி அணியில் கார்டு (கூடைக்குத் தொலைவில் நின்று பந்தைக் கையாளும் வீரர்) இடத்தில் சில காலம் ஆடியவன் என்பதால், கரியின் கல்லூரி ஆட்டங்களின் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கொண்டாடுவது அவருடைய இரண்டாம் ஆண்டை. ஆனால், கோப்பை பற்றிய பேச்சே இல்லாமல் முடிந்த மூன்றாம் ஆண்டுதான் பின்னாளில் நாம் கண்ட கரியை உருவாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் திறமையான பள்ளி மாணவர்களைத் தேடிப் பிடித்து, படிப்புச் செலவை ஏற்று அழைத்துக்கொள்வது வழக்கம். கரியின் தந்தை டெல் கரி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பெயர் பெற்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஷார்லட் ஹார்னெட்ஸ் அணிக்காகப் பத்துப் பருவங்கள் ஆடியவர். தாய் சோனியாவும் அதே பல்கலைக்கழகத்தின் கைப்பந்து வீராங்கனை. அப்படியிருந்தும், அந்தப் பல்கலைக்கழகம் மகனுக்கு உதவித்தொகை தர முன்வரவில்லை. வேண்டுமானால் உதவித்தொகை இல்லாமல் வந்து அணியோடு பயிற்சி எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒல்லியான உடம்பும் ஆறடியை ஒட்டிய உயரமும் கொண்ட பையன் பெரிய அணிகளின் இடிபாடுகளைத் தாங்க மாட்டான் என்பது பயிற்சியாளர்கள் பலரின் கணிப்பு. அவரை மனமார விரும்பி அழைத்தவர், ஷார்லட் நகருக்கு வடக்கே சிற்றூர் ஒன்றில் இருக்கும், 2,000 மாணவர்கள்கூட இல்லாத டேவிட்சன் கல்லூரியில் 1989 முதல் பயிற்சியாளராக இருந்த பாப் மெக்கிலப்.

அந்த நம்பிக்கை முதல் ஆட்டத்திலேயே சோதனைக்குள்ளானது. 2006 நவம்பரில் கிழக்கு மிச்சிகன் அணிக்கு எதிராக கரி 15 புள்ளிகள் எடுத்தார். ஆனால் 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். கார்டு இடத்தில் ஆடும் ஒருவர் ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை பந்தை விட்டாலே பயிற்சியாளர் பெஞ்சைக் காட்டிவிடுவார். டேவிட்சன் எப்படியோ வென்றது. மெக்கிலப் மறுநாளும் அவரையே தொடக்க ஐவரில் இறக்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அணி தோற்றாலும் கரி 32 புள்ளிகள் குவித்தார். முதல் ஆண்டை ஆட்டத்துக்குச் சராசரி 21.5 புள்ளிகளுடன் முடித்தபோது, நாட்டின் முதலாண்டு மாணவர்களில் அவருக்கு முன்னால் இருந்தவர் டெக்சஸின் கெவின் டுரன்ட் மட்டுமே. ஒரு பெரிய அணியில் 13 பந்து இழப்புகளுக்குப் பிறகு அடுத்த நாளே முழு ஆட்டம் கிடைத்திருக்குமா என்பதைக் கேள்வி கேட்டவரே யோசித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் ஆண்டில் பந்தைக் கொண்டுவருவது ஜேசன் ரிச்சர்ட்ஸின் வேலை. அந்தப் பருவத்தில் நாட்டிலேயே ஆட்டத்துக்கு அதிக அசிஸ்ட் (தோழர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) தந்தவர் அவர்தான். கரியின் வேலை ஓடுவது. கூடைக்கு அடியில் தொடங்கி, தன் அணி உயரக்காரர் ஒருவர் எதிரணிக் காவலை மறித்து நின்று போடும் ஸ்கிரீனில் தோளை உரசியபடி வளைந்து வெளியே வருவார். எதிரணிக் காவல்காரர் பின்தொடர்ந்தால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து எறிந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளி) வெளியே விலகுவார், குறுக்கு வழியில் முந்தினால் நின்ற இடத்திலிருந்தே மூலைப் பக்கம் திரும்பிவிடுவார். பந்து கைக்கு வரும்போது கால்கள் ஏற்கெனவே கூடையைப் பார்த்து நின்றிருக்கும். பள்ளிக்காலத்தில் இடுப்பருகிலிருந்து எறிந்துகொண்டிருந்தவரை ஒரு கோடை விடுமுறையில் தந்தை தலைக்கு மேலிருந்து எறியும்படி மாற்றியிருந்ததன் பலன் இங்கேதான் முழுமையாகத் தெரிந்தது. அந்தப் பருவத்தில் அவர் போட்ட 162 மூன்று புள்ளி எறிவுகள், 1987 முதல் நின்ற தேசியச் சாதனையை முறியடித்தன.

பருவத்தின் தொடக்கம் என்னவோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வட கரோலினா, டியூக், யு.சி.எல்.ஏ. போன்ற பெரிய அணிகளிடம் தோற்று, 4 வெற்றி, 6 தோல்வி என்று டேவிட்சன் நின்றது. அதன் பிறகு ஒரு தோல்விகூட இல்லாமல் 22 ஆட்டங்களை வென்று, ஒரு முறை தோற்றாலே வெளியேற வேண்டிய மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குள் தன் பிரிவில் பத்தாம் தரவரிசையில் நுழைந்தது. கொன்சாகாவுக்கு எதிராக கரி 40 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 30 இரண்டாம் பாதியில். இரண்டாம் தரவரிசையில் இருந்த ஜார்ஜ்டவுன் இரண்டாம் பாதியில் 17 புள்ளிகள் முன்னிலைக்குச் சென்றது. கரி அந்தப் பாதியில் மட்டும் 25 எடுக்க, டேவிட்சன் 74-70 என்று வென்றது. அடுத்த சுற்றுக்கு மாணவர்கள் டெட்ராய்ட் செல்வதற்கான பேருந்து, தங்குமிடம், நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் கல்லூரி அறங்காவலர்களே பணம் கொடுத்தார்கள். அங்கே விஸ்கான்சின் 73-56 என்று நொறுங்கியது. என்.பி.ஏ. நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அரங்கில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்சாஸுக்கு எதிரான அடுத்த ஆட்டம் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. 59-57 என்று பின்தங்கியிருந்த நிலையில் கடைசி நொடிகளில் பந்து கரியிடம் இருந்தது. இரண்டு பேர் அவரை மறிக்க, பந்தை ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட்ஸ் தொலைவிலிருந்து எறிந்தது கூடையில் விழவில்லை. கரியே எறிந்திருக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று அவர் 16 மூன்று புள்ளி முயற்சிகளில் 4 மட்டுமே போட்டிருந்தார். இருவர் முகத்தில் நிற்கும்போது ஆளில்லாமல் நிற்கும் தோழனுக்குக் கொடுப்பதே முறையான ஆட்டம். பட்டத்தை அந்த ஆண்டு கன்சாஸே வென்றது.

இனி மூன்றாம் ஆண்டு. ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துச் சென்றுவிட, பாயிண்ட் கார்டு பொறுப்பு கரியின் தலையில் விழுந்தது. 2008-09 பருவத்தில் கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடும் ஓர் அடி பின்னால் தள்ளப்பட்டு 20 அடி 9 அங்குலம் ஆனது. பந்தைக் கொண்டுவருவது, ஆட்டத்தை வகுப்பது, எறிவது எல்லாம் ஒருவரே என்றானதால், எதிரணிகள் அவர் மீதே குவிந்தன. அவருடைய மூன்று புள்ளித் துல்லியம் முந்தைய ஆண்டின் 43.9 விழுக்காட்டிலிருந்து 38.7 ஆக இறங்கியது. ஆனால் சராசரி 28.6 புள்ளிகளுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்ததோடு, ஆட்டத்துக்கு 5.6 அசிஸ்டும் கொடுத்தார். ஓக்லஹோமாவுக்கு எதிராக 44 புள்ளிகள் எடுத்தும் அணி நான்கு புள்ளிகளில் தோற்றது.

அந்த ஆண்டின் ஆட்டங்களில் நான் முதலில் பரிந்துரைப்பது, அவர் ஒரு புள்ளிகூட எடுக்காத ஆட்டத்தை. 2008 நவம்பரில் மேரிலாண்டின் லயோலா அணிப் பயிற்சியாளர் ஜிம்மி பட்சோஸ், பந்து எங்கே இருந்தாலும் கரியை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கரி முரண்டு பிடிக்கவில்லை. மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு காவல்காரர்களும் அங்கேயே நின்றார்கள். மீதிக் களத்தில் டேவிட்சன் நால்வரும் லயோலா மூவரும் ஆடினார்கள். கரி மொத்தம் மூன்று முறைதான் எறிந்தார். டேவிட்சன் 78-48 என்று வென்றது. தன் பக்கம் ஆட்களை இழுத்து மற்றவர்களுக்கு இடம் திறந்துவிடும் இந்த வித்தையைத்தான் பிற்காலத்தில் கரி ஆடிய என்.பி.ஏ. அணியான கோல்டன் ஸ்டேட் தன் தாக்குதலின் அடிப்படையாகவே வைத்துக்கொண்டது.

அந்தப் பருவம் ஏமாற்றத்தில்தான் முடிந்தது. மண்டலப் போட்டியின் அரையிறுதியில் தோற்றதால் தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை, என்.ஐ.டி. எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டியில் இரண்டாம் சுற்றோடு டேவிட்சன் வெளியேறியது. 104 ஆட்டங்களில் 2,635 புள்ளிகள், 414 மூன்று புள்ளி எறிவுகள் என்ற கணக்கோடு கரி படிப்பை முடிக்காமலே கிளம்பினார். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2009 தேர்வில் கோல்டன் ஸ்டேட் அவரை ஏழாவதாக எடுத்தது.

பட்டம் பெறாதவரின் சட்டை எண்ணுக்கு ஓய்வளிப்பதில்லை (அதாவது, அந்த எண்ணை இனி யாருக்கும் தராமல் கௌரவிப்பதில்லை) என்பது டேவிட்சன் கல்லூரியின் நடைமுறை. என்.பி.ஏ. கோப்பைகளை வென்ற பிறகும் அந்த விதியை அவருக்காகத் தளர்த்தவில்லை. 2022-ல் சமூகவியல் பட்டத்துக்கான மீதிப் பாடங்களை அவர் முடித்த பிறகே, அந்த ஆகஸ்டில் 30-ஆம் எண்ணுக்கு ஓய்வளித்தார்கள்.