சமூகப்பணியாளரின் சொந்த அரசியல் நம்பிக்கை அவருடைய வேலையையும் படிப்பையும் பாதிக்குமா?

கண்டிப்பாகப் பாதிக்கும். எனக்கு அது புரிந்தது ஒரு களப்பணி அறிக்கையில், ஒரே ஒரு சொல்லில்.

மாணவியாக இருந்தபோது ஒரு வீட்டுக்கு விசிட் போனேன். கணவர் வேலைக்குப் போகவில்லை, மனைவியின் சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடியது. உழைத்தால் யாரும் முன்னேறலாம் என்று நான் உறுதியாக நம்பிய வயது அது. அறிக்கையில் ‘வேலைக்குப் போக மனமில்லாதவர்’ என்று எழுதிவிட்டேன். மேற்பார்வையாளர் ‘மனமில்லாதவர்’ மேல் பென்சிலால் வட்டம் போட்டு, “இது அவர் சொன்னதா, நீ பார்த்ததா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை. மறுபடி போய் விசாரித்தால், மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு முதுகு போயிருந்தது. அந்தச் சொல் கோப்பிலேயே தங்கியிருந்தால், அடுத்து வரும் பணியாளர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள்.

அப்புறம் என் பார்வை நேர் எதிராக மாறியது. எதற்கும் சமூக அமைப்பே காரணம் என்று பேச ஆரம்பித்தேன். மகனைப் பள்ளியில் சேர்க்க வழி கேட்டு வந்த ஒரு தாயிடம் உரிமை, போராட்டம் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். “அதெல்லாம் சரிங்க மேடம், முதல்ல பையனைச் சேர்த்துவிடுங்க” என்றார். நம்பிக்கை மாறியிருந்ததே தவிர, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்காத பழக்கம் மாறவில்லை.

இந்த இரண்டு பார்வைகளும் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தவை. 1869-ல் லண்டனில் உருவான தரும நிறுவனச் சங்கம் வறுமைக்கான காரணத்தைப் பெரும்பாலும் தனிமனிதரின் நடத்தையில் தேடியது. 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லமோ, கூலி, சுகாதாரம், குழந்தைத் தொழிலாளர் என்று சூழலைப் பார்த்தது. 2014-ல் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரையறையிலேயே சமூக நீதியும் மனித உரிமையும் இருக்கின்றன. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கி இந்த வேலையைச் செய்ய வழியில்லை.

எனக்கு அதிகக் கவலை வகுப்பறையைப் பற்றித்தான். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், மாற்றுக் கருத்துள்ள மாணவர் வாயை மூடிக்கொள்கிறார். சமூகப்பணி அறிஞர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-ல் சொன்ன ஏழு கோட்பாடுகளில் ஒன்றான ‘தீர்ப்பிடாத மனப்பான்மை’யை, அதாவது உதவி கேட்டு வருபவரைக் குற்றவாளியாக்கிப் பார்க்காமல் இருப்பதை, அந்த மாணவர் தேர்வில் அழகாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார். உள்ளே இருக்கும் நம்பிக்கையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அது பட்டத்தோடு சேர்ந்து நேராக யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குப் போகும். அதனால் என் கருத்தை நான் மாணவர்களிடம் மறைப்பதில்லை. ஆனால் மதிப்பெண் கருத்துக்குக் கிடையாது, அறிக்கையில் இருக்கும் ஆதாரத்துக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

நீங்கள் மாணவராக இருந்தால், யாரைப் பார்த்ததும் எரிச்சல் வந்ததோ, யாரைப் பார்த்ததும் மனசு உருகியதோ, அந்த இரண்டு பேரைப் பற்றியும் மேற்பார்வை நேரத்தில் முதலில் பேசுங்கள்.