தவழும் குழந்தைக்கு டயப்பர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: என் மகனுக்கு 8 மாதம். டயப்பர் மாற்றப் படுக்க வைத்தால் அடுத்த நொடியே குப்புறப் புரண்டு தவழ்ந்து ஓடிவிடுகிறான். ஆய் போயிருந்தால் இன்னும் கஷ்டம்; அவன் கால், என் கை, விரிப்பு எல்லாவற்றிலும் பூசிவிடுகிறது. இதுவரை டேப் ஒட்டும் டயப்பர்தான் போடுகிறோம். தள்ளுபடியில் வாங்கிய மூன்று பெரிய பாக்கெட் பிரிக்காமல் கிடக்கிறது. பேன்ட் டயப்பருக்கு மாறிவிடலாம் என்கிறார் கணவர். துணிதான் நல்லது என்கிறார் அம்மா. எதை வாங்குவது?

பதில்: உங்கள் மகன் அடம்பிடிக்கவில்லை அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். புரளவும் தவழவும் இப்போதுதான் கற்றிருக்கிறான். மல்லாக்கப் படுக்க வைத்தால் புரளத்தான் பார்ப்பான். ஆகவே அவனை அசையாமல் பிடித்து வைக்கும் பொருளைத் தேடிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அவன் அசைந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் வேலையை முடிக்க எது உதவும் என்று பாருங்கள். கடையில் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது இதைக் கேட்டுக்கொண்டால், பாதியை அங்கேயே வைத்துவிட்டு வருவீர்கள்.

அப்படிப் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது சரி. பேன்ட் டயப்பரை ஜட்டி மாதிரி காலில் நுழைத்து மேலே இழுத்துவிடலாம். அவன் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நுழையுங்கள். இன்னும் நிற்கப் பழகவில்லை என்றால் உங்கள் தொடைமேல் குப்புறச் சாய்த்துக்கொண்டும் போடலாம். கழற்றும்போது மட்டும் கீழே இழுக்காதீர்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் இருக்கும் தையலை மேலிருந்து கிழித்தால் முன்பக்கம், பின்பக்கம் எனத் தனியாகப் பிரிந்து வந்துவிடும். இது தெரியாமல் கால் வழியே இழுத்து, முட்டி வரை பூசிக்கொண்டு, பேன்ட் டயப்பரே வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் சுருட்டி ஒட்டுவதற்கு ஒரு சின்ன டேப் வைத்த பேன்ட் டயப்பர்கள் உண்டு. அப்படிப்பட்டதையே வாங்குங்கள், கழற்றியதைத் தூக்கிப் போடும்போது சிந்தாது.

பேன்ட் டயப்பரில் ஒரு குறையும் உண்டு. அதைப் போட, குழந்தையின் கால்சட்டையை முழுதாகக் கழற்றியாக வேண்டும். தூங்கும் பிள்ளைக்கு நடு இரவில் மாற்றவும், வெளியில் போன இடத்தில் மாற்றவும் டேப் டயப்பரே வசதி. ஆகவே அந்த மூன்று பாக்கெட்டும் வீணாகாது. பகல் விளையாட்டு நேரத்துக்குப் பேன்ட், தூக்கத்துக்கு டேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டேப் டயப்பர் மாற்றும்போது, புதியதை விரித்து, பழையதற்கு அடியில் நுழைத்து வைத்துவிட்டு அப்புறம் பழையதைத் திறங்கள். துடைத்து முடித்துப் பழையதை உருவினால் புதியது ஏற்கெனவே இடத்தில் இருக்கும், இரண்டு டேப்பை ஒட்டினால் வேலை முடிந்தது. பின்பக்கம் துடைக்க இரண்டு காலையும் சேர்த்து உயரத் தூக்குவதைவிட, ஒரு பக்கமாகச் சாய்த்துத் துடைப்பது குழந்தைக்கும் இதம். பெண் குழந்தையாக இருந்தால் எப்போதும் முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும்.

புதிய வகை எதையும் முதலில் சின்ன பாக்கெட்டாக வாங்கிப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை அளவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். உங்கள் குழந்தை இரண்டு அளவுக்கும் பொருந்தலாம். அப்போது எடையைவிடத் தொடையைப் பாருங்கள். கழற்றிய பிறகும் தொடையில் சிவந்த கோடு மறையாமல் இருந்தால், டேப் வயிற்றின் ஓரத்தையே எட்டினால், முதுகுப் பக்கம் அடிக்கடி வழிந்தால், அடுத்த அளவுக்குப் போகலாம். ஆனால் கசிவுக்கெல்லாம் அளவைக் குறை சொல்ல முடியாது. தொடையைச் சுற்றியிருக்கும் சுருக்கு மடிப்பு உள்ளே மடங்கிக் கிடந்தாலும் கசியும். போட்ட பிறகு விரலால் வெளியே எடுத்துவிடுங்கள். ஆண் குழந்தைக்குக் குறி மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் வழியும், கீழ்நோக்கி வைத்து ஒட்டுங்கள். விலையைப் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒப்பிடாமல், எண்ணிக்கையால் வகுத்து ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அளவு கூடக் கூட, அதே விலைப் பாக்கெட்டில் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

துணி விஷயத்தில் அம்மா சொல்வதையும் தள்ள வேண்டாம். மடித்து முடிச்சுப் போடும் துணிக்குத்தான் குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும். உறிஞ்சும் பட்டையை உள்ளே செருகி வைக்கும் பை மாதிரித் துணி டயப்பர்களை முன்கூட்டியே தயாராக அடுக்கி வைத்தால் டேப் டயப்பர் போடும் வேகத்திலேயே போட்டுவிடலாம். பட்டை மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிய செயற்கை இழைத் துணி என்றால் அது தோலில் நேராகப் படக்கூடாது. தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

இன்னொன்று. மாற்றும்போது கையில் எதையாவது கொடுத்துக் கவனத்தைத் திருப்புவீர்கள், எல்லாரும் செய்வதுதான். க்ரீம் டியூபையும் ரிமோட்டையும் கொடுக்காதீர்கள். ரிமோட்டின் மூடி கழன்று பட்டன் பேட்டரியை விழுங்கினால், அது தொண்டையில் சிக்கி இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். டயப்பர் மாற்றும்போது மட்டும் கைக்கு வரும் பொம்மை என்று ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், புதுமை குறையாது.

கேள்வி: 9 மாதப் பேரனுக்கு டயப்பர் மாற்றும் மேசை ஒன்றை மகளுக்கு வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். குழந்தையைக் கட்டும் பட்டை வைத்தது நல்லதா, பக்கச் சுவர் வைத்தது நல்லதா?

பதில்: ஐயா, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் இந்த வயதில் மேசை வேண்டாம். அந்த மேசை, புரளத் தெரியாத முதல் சில மாதங்களில் பெரியவர்களின் முதுகுக்காக உதவுவது. புரளத் தெரிந்த குழந்தைக்குத் தரைதான் பாதுகாப்பு, அங்கிருந்து கீழே விழ இடமில்லை. என் மகள் 7 மாதத்தில் கட்டிலிலிருந்து விழுந்தாள். நான் ஒரு கை தூரத்தில் இருந்த வைப்ஸை (துடைக்கும் ஈரத் தாளை) எடுக்கத் திரும்பிய நேரம் அது. அடி பெரிதாக இல்லை என்றாலும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மகளுக்கு முதுகு வலியோ அறுவை சிகிச்சையின் வலியோ இருந்து, குனிய முடியாது என்றால் மட்டும் மேசையை யோசியுங்கள். அப்போது பக்கச் சுவர், பட்டை இரண்டும் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலை இஎன் 12221 அல்லது அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப்2388 என்று லேபிளில் குறித்திருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதையும் பேரனின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டை கட்டியிருந்தாலும் ஒரு கை குழந்தைமேல் இருக்க வேண்டும். பட்டையை நம்பிக் கையை எடுப்பதுதான் ஆபத்து.

அந்தப் பணத்தில் இரண்டு நல்ல விரிப்புகள் வாங்கித் தாருங்கள். துடைத்தால் சுத்தமாகும் மேற்புறம், வழுக்காத அடிப்புறம், குழந்தை ஒரு முறை புரண்டாலும் விளிம்பைத் தாண்டாத அகலம். ஒன்று காயும்போது மற்றொன்று உதவும்.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். புடாபெஸ்டில் 1946-இல் கைக்குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். டயப்பர் மாற்றும்போது குழந்தையை அழுத்திப் பிடிக்காமல், செய்யப்போவதை முன்பே சொல்லி, அது பதில் காட்டும்வரை பொறுத்திருக்கும்படி அங்கே பராமரிப்பாளர்களைப் பழக்கினார். ‘இப்போது காலைத் தூக்கப் போறோம்’ என்று தினமும் சொல்லிப் பாருங்கள். சில வாரங்களில் உங்கள் பேரனே காலைத் தூக்கித் தரக்கூடும்.

கேள்வி: 11 மாத மகள் டேப்பைப் பிய்த்து டயப்பரை அவளே கழற்றிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: டயப்பரை முன்பின் திருப்பிப் போடுங்கள், டேப் முதுகுப் பக்கம் போய்விட்டால் அவள் கைக்கு எட்டாது. அல்லது கால் இடுக்கில் பட்டன் போடும் ஒற்றைச் சட்டையை மேலே போட்டுவிடுங்கள். துணி டயப்பர் என்றால் வெல்க்ரோவைவிட அழுத்து பட்டன் வைத்ததை வாங்குங்கள். பிய்த்த இடத்தில் பளபளவென்று கூழ் மணிகள் சிந்தினால் பயப்பட வேண்டாம், அவை சிறுநீரை உறிஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட். வாயில் போடாமல் பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: வைப்ஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது? பவுடர் போடலாமா?

பதில்: வாசனை இல்லாதது, ஆல்கஹால் இல்லாதது. பொருட்பட்டியலில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தி இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். தொடு ஒவ்வாமையை ஆராயும் அமெரிக்கச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்று இதைத்தான் அறிவித்தது. பூசிக் கழுவாமல் விடும் அழகுப் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் தடை. ஓடும் குழந்தைக்குத் தடித்த, பெரிய தாளாக இருப்பது நல்லது, இரண்டு மூன்றில் முடிந்துவிடும். பழைய டயப்பரைத் திறப்பதற்கு முன்பே நான்கு தாளை உருவி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியுமே போதும்.

பவுடர் வேண்டாம். புரளும் குழந்தை அதைக் கிளப்பி மூச்சில் இழுத்துவிடும், நுரையீரலுக்குக் கெடுதல். தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசுங்கள். அடுத்த முறை அதை முழுவதும் தேய்த்து எடுக்காமல் அழுக்கை மட்டும் துடைத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும், கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலும், மடிப்புகளுக்குள் சிவந்து சுற்றிலும் சிறு புள்ளிகள் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் 12 மணி நேரம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நேரம் விடலாமா?

பதில்: அது சிறுநீரை உறிஞ்சும் கணக்கு, இரவுத் தூக்கத்துக்காகச் சொல்வது. மலத்துக்குப் பொருந்தாது. மலமும் சிறுநீரும் கலந்தால் காரத்தன்மை கூடி, மலத்திலுள்ள நொதிகள் வேகமெடுத்துத் தோலை அரிக்கும். மலம் என்றால் உடனே மாற்றுங்கள். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஈரம் பட்டால் நிறம் மாறும் கோடு வைத்த டயப்பராக வாங்கினால் விளையாட்டை நிறுத்திப் படுக்க வைத்துத் திறந்து பார்க்கத் தேவையில்லை. குழந்தை தவழ்ந்து போகும்போதே பின்னாலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.