தங்கம் விலை ஏறினால் கடன் குறையாது

கேள்வி: எனக்கு வயது 34. ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு பம்ப்செட் கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 28,000. மனைவி பீடி சுற்றுகிறாள்; மாதம் 5,000 கிட்ட வரும். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுக் கூரை மாற்ற மனைவியின் 10 பவுனை 12 சதவீத வட்டிக்கு வைத்து 1,50,000 வாங்கினேன். வட்டி கட்ட முடியாமல், வருஷா வருஷம் திருப்பி, கூடுதலாக வைத்தேன். முதலில் 2,40,000, அடுத்து 3,60,000. மிஞ்சிய பணத்தில் ஆளுமை வளர்ச்சி, வெற்றி மனப்பான்மை என்று இரண்டு பயிற்சிகளில் சேர்ந்தேன். இப்போது ஒரு வருஷ வழிகாட்டி வகுப்புக்கு 1,20,000 கேட்கிறார்கள். முன்பணத்துக்காக எடுத்த சீட்டுப் பணம் 50,000 கையில் இருக்கிறது. தங்கம் ஏறியிருப்பதால் 5,50,000 வரை தருவதாக அடகு நிறுவனத்தில் சொல்கிறார்கள். சேர்த்துவிட்ட அத்தான், ‘உன்மேலேயே முதலீடு செய்’ என்கிறார். மனைவிக்கு முதல் கடன் மட்டும்தான் தெரியும். முன்னேற வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, ராத்திரி தூக்கம்தான் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர வேண்டாம். ஆனால் உங்களைக் கெடுப்பது வகுப்பு அல்ல. நகையைத் திருப்பி, அதே கவுண்டரில் அரை மணி நேரத்தில் கூடுதல் தொகைக்கு மறுபடி வைக்கிற பழக்கம்தான். நான்கு கையெழுத்துப் போட்டதும் கையில் பணம் வருகிறது. அது கடன் வாங்கிய மாதிரியே தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 1,50,000-க்கு முதல் வருஷ வட்டி 18,000. 2,40,000-க்கு வைத்தபோது பழைய கடன் போக 72,000 கைக்கு வந்தது. அடுத்த வருஷ வட்டி 28,800. அந்த முறை கைக்கு வந்தது 91,200. இந்த வருஷ வட்டி 43,200. ஆக மூன்று வருஷத்தில் நீங்கள் வாங்கியது 3,13,200. இன்று நிற்கிற கடன் 4,03,200. இடையில் இருக்கும் 90,000 முழுக்க வட்டி. அதில் ஒரு ரூபாய்கூட உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை, எல்லாமே நகையின் தலையில் ஏறியிருக்கிறது. 5,50,000-க்கு வைத்தால் மாத வட்டி மட்டும் 5,500. உங்கள் மனைவி மாதம் முழுக்கச் சுற்றும் பீடிக்கூலி அதற்கே பத்தாது.

தங்கம் ஏறுகிற வரைக்கும்தான் இந்த வித்தை பலிக்கும். விலை ஒரு வருஷம் அசையாமல் நின்றாலே வட்டிக்குக் கைப்பணம் தேட வேண்டியிருக்கும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளும் இந்த வழியை அடைக்கின்றன. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு 12 மாதம்தான் கெடு. வட்டியைக் கட்டிய பிறகே புதுப்பிக்க முடியும். இங்கேதான் ஆபத்து. அந்த வட்டிப் பணத்தை ‘ஒரு நாள் கைமாற்று’ என்று தருவதற்கு ஆள் இருப்பார்கள். அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாதீர்கள். கந்துவட்டி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தபோது நாமே பார்த்தோம்.

இன்று ராத்திரியே அடகுச் சீட்டை எடுத்து மனைவியிடம் காட்டுங்கள். நகை அவர்களுடையது. இனி நான் சொல்வது எல்லாம் அவர்கள் சம்மதித்தால் மட்டும்.

சீட்டுப் பணம் 50,000-ல் 43,200-ஐ வட்டிக்குக் கட்டுங்கள். அசல் 3,60,000 நிற்கும். கணக்குக்காக, ஒரு பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 3,60,000-க்கு 10 பவுனும் உள்ளே இருக்கத் தேவையில்லை, 6 பவுன் தாராளம். பாக்கெட்டைப் பிரித்து, 6 பவுனை மட்டும் வைத்துக்கொண்டு 4 பவுனை வெளியே தரும்படி மேலாளரிடம் கேளுங்கள். ‘மொத்தமாகவே இருக்கட்டும், மீதிக்கும் பணம் தருகிறோம்’ என்பார்கள். மசியாதீர்கள். மறுத்தால், இந்தக் கடனை அப்படியே எடுத்துக்கொள்ளும் வங்கியைத் தேடுங்கள்.

வந்த 4 பவுனில் 3 பவுனை விற்றுவிடுங்கள். மனசு கேட்காது என்று தெரியும்; ஆனாலும் விற்கத்தான் வேண்டும். கல் வைத்ததை விற்காதீர்கள், கல் எடையைக் கழிப்பார்கள். 916 முத்திரை உள்ள, அறுந்த அல்லது நெளிந்த சங்கிலி, வளையல் இருந்தால் அதைக் கொடுங்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள், கழிவு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். ‘புது நகையாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கழிவு போக 2,85,000 வந்தால் அப்படியே அசலில் கட்டுங்கள். மீதி 75,000. அதற்கு 2 பவுன் உள்ளே இருந்தால் போதும், இன்னும் 4 பவுன் வெளியே வரும்.

ஆக 3 பவுன் போகும், 2 பவுன் அடகில் நிற்கும், 5 பவுன் பீரோவுக்குத் திரும்பும். அந்த 75,000-ஐ மாதத் தவணைக் கடனாக மாற்றச் சொல்லுங்கள். 12 மாதத்துக்கு மாதம் 6,700 சுமாராக வரும். 33,000 வருமானத்தில் இறுக்கிப் பிடித்தால் முடியும். கடைசித் தவணை கட்டியதும் 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். அவர்கள் தப்பால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது அதே புது விதிகளில் இருக்கிறது.

வகுப்புக்கு வருகிறேன். இலவச வகுப்பு, பிறகு முகாம், பிறகு வழிகாட்டி என்று ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஆள் பிடிக்கிற மாதிரி அமைந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு பயிற்சி முடித்துவிட்டீர்கள்; அதனால் சம்பளம் ஏறியதாக ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை முடித்தால் எந்த வேலைக்கு, யார், எவ்வளவு கூடுதலாகத் தருவார்கள்? உங்கள் தொழிலில் அதற்குப் பதில் இருக்கிறது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்றும் அதற்கு மேல் சூப்பர்வைசர் சான்றும்தான் அது. உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் இப்போது எது கிடைக்கும் என்று வாரியத்தில் விசாரியுங்கள். அந்தச் செலவு 1,20,000-க்குப் பக்கத்தில்கூட வராது. நெல்லை பேட்டை அரசு ஐடிஐ-யில் குறுகிய காலப் பயிற்சி ஏதும் நடக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

அத்தானிடம் வாதம் பண்ண வேண்டாம். ‘வீட்டில் நகை முழுசும் திரும்புகிற வரைக்கும் எதிலும் சேருவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு பண்ணிவிட்டோம் அத்தான்’ என்று மட்டும் சொல்லுங்கள். கெடு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே கிளைக்குப் போங்கள். சீட்டுப் பணத்தை அதுவரை வீட்டில் வைக்காமல் மனைவியின் கணக்கில் போட்டு வையுங்கள்.