ஹவாய்க் கலை என்றால் பூமாலையும் மரச்சிலையும்தானா? அந்த மக்களுக்கு அதில் என்ன பொருள் இருக்கிறது?

சுற்றுலாக் கடைகளைப் பார்த்தால் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். வேலைக்காக ஹொனலுலு போன புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே இருந்த இரண்டு வருடத்தில் என் எண்ணத்தை மாற்றியது ஒரு துணி. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அதன் பெயர் கப்பா. அதில் நூலும் கிடையாது, நெசவும் கிடையாது. வௌக்கே என்ற, முசுக்கட்டைக் குடும்பத்து மரத்தின் உட்பட்டையைக் கடல்நீரில் ஊறவைத்து, கல்மேல் வைத்து அடித்து, புளிக்கவிட்டு, மறுபடி மரப்பலகைமேல் வைத்து அடித்தே துணியாக்குகிறார்கள். செடி வளரும்போதே பக்கத்துளிர்களைக் கிள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால், கிளை வந்த இடத்தில் துணியில் ஓட்டை விழும். ஆக, வேலை தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை கப்பா சொல்லித்தரும் இடத்துக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் அடித்தேன். இரண்டு விரல் அகலப் பட்டை உள்ளங்கை அகலம் ஆனது, அவ்வளவுதான், தோள் விட்டுப்போயிற்று. அப்புறம் சொல்லிக்கொடுத்த அம்மா, தான் செய்த துணி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலோட்டமாகப் பார்த்தபோது வெறும் வெள்ளையாக இருந்த துணிக்குள், ரூபாய் நோட்டில் தெரியும் நீர்க்குறி மாதிரி நுணுக்கமான கோடுகளும் கட்டங்களும் தெரிந்தன. அடிக்கும் கட்டைக்கு நான்கு முகம். முகத்துக்கு ஒரு செதுக்கு. கடைசிச் சுற்றில் அந்தச் செதுக்கு துணிக்குள் பதிந்துவிடுகிறது. பசிபிக் தீவுகள் பலவற்றிலும் மரப்பட்டைத் துணி உண்டு. இந்த நீர்க்குறி ஹவாய்க்கே உரியது.

மேலே மூங்கில் குச்சியில் செதுக்கிய அச்சுகளால் சாயம் பதிப்பார்கள். சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்குக் குக்குயி என்ற மரத்தின் கொட்டையை எரித்த கரி, மஞ்சளுக்கு ஓலேனா. ஓலேனா என்பது நம் வீட்டு மஞ்சளேதான்! ஹவாயில் முதலில் குடியேறிய பாலினீசியர்கள் தோணியில் கொண்டுவந்த செடிகளில் அதுவும் ஒன்று. அந்தக் கிழங்கைக் கையில் எடுத்தபோது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

சரி, பொருளுக்கு வருகிறேன். பிறந்த பிள்ளையைச் சுற்றுவதும் கப்பா, ஆண்கள் கோவணமும் பெண்கள் இடுப்புத்துணியும் கப்பா, இரவில் போர்த்துவதும் கப்பா, இறந்தவரின் எலும்பைப் பொதிவதும் கப்பா. எலும்புக்கு அவர்கள் மொழியில் இவி என்று பெயர். மண்ணின் மைந்தர் என்பதற்கு அவர்கள் சொல்லும் ஓஇவி என்ற சொல்லிலேயே அந்த எலும்பு இருக்கிறது. எலும்பில் முன்னோரின் ஆற்றல் தங்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட எலும்பைத் தொடும் துணியை வெறும் கைவேலை என்று எப்படிச் சொல்வது?

வியாபாரிகளின் பருத்தித்துணி வந்தது, 1820இல் மிஷனரிகள் வந்தார்கள், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கப்பா அடிக்கும் ஓசை அநேகமாக நின்றே போனது. 1970களில் ஹவாய்ப் பண்பாடு மீண்டும் தலையெடுத்தபோது சொல்லித்தர ஆள் இல்லை. அருங்காட்சியகத்தில் இருந்த பழைய துணியையும் கட்டையையும் பார்த்துப் பார்த்து, செய்து கெடுத்து, மறுபடி செய்துதான் மீட்டார்கள். புவானானி வான் டோர்ப் என்ற பெண்மணி இதற்காகவே பல ஆண்டுகளைக் கொடுத்தவர்.

மீட்டது வீண்போகவில்லை. 1980களின் கடைசியில் மாவுயித் தீவின் ஹோனோக்காஹுவாவில் ஒரு ஹோட்டலுக்காகத் தோண்டியபோது தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. மக்கள் திரண்டு போராடினார்கள். தோண்டுவது நின்றது, ஹோட்டல் கடற்கரையை விட்டு மேலே தள்ளிப்போனது. 1990இல் புதைகுழிகளைக் காக்கச் சட்டத் திருத்தமும் வந்தது. அந்த எலும்புகளை மறுபடி மண்ணுக்குள் வைக்கும்போது பொதிவதற்குப் புதிதாகக் கப்பா அடித்தார்கள். நூறு வருடம் செத்துக்கிடந்த கலை, எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கே திரும்பிவந்தது. ஹவாய்க் கலைக்கு என்ன பொருள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இடைப்பட்ட காலத்திலும் அந்தப் பெயர் சாகவில்லை. பருத்தித்துணியில் தைத்த பூவேலைப் போர்வைக்கும் கப்பா என்றே பெயர் வைத்தார்கள். தனி அரசாக இருந்த ஹவாயின் அரசியை 1893இல் கவிழ்த்த பிறகு, இறக்கப்பட்ட தங்கள் கொடியைப் போர்வையில் தைத்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1895இல் இயோலானி அரண்மனையில் ஒரே அறையில் சிறைவைக்கப்பட்ட அரசி லிலியுவோக்கலானி தைக்கத் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வை இன்றும் அந்த அரண்மனையில் இருக்கிறது. பெயர்களும் தேதிகளும் நூலால் எழுதியிருக்கும். அதன் முன்னால் நின்று படித்துப் பாருங்கள்.

இறகு அங்கிகள் தனிக் கதை. 1779இல் கலானிஓபுவு என்ற தலைவர் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்குக்குத் தன் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்த அங்கி, இங்கிலாந்தும் நியூசிலாந்தும் சுற்றி, 2016இல்தான் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

நம் காலத்துக் கலைஞர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர்கள் வைமேயா என்ற ஊரின் மறைந்த மேரி மெக்டொனால்டும் அவர் மகள் ரோயன் ஹஃபர்டும். லே மாலை கட்டுவதில் பெயர் பெற்ற அம்மா, வயதான காலத்தில் கப்பாவுக்கு வந்தார். மகள் அதைத் தொடர்கிறார். பழைய முறையில் அடித்த துணிதான், மேலே வரும் உருவங்கள் அவர்களுடையவை.

ஹவாய் போனால் ஒரு கப்பா வாங்கலாமே என்று தோன்றும். விலை அதிகம்தான், சின்னத் துண்டுக்கே அவ்வளவு உழைப்பு. கடைகளில் தொங்குவதில் டோங்கா, ஃபிஜித் தீவுகளின் துணியும் உண்டு. அவையும் அழகானவை, ஆனால் வேறு மக்களுடையவை. வாங்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.